கொடியில் தொங்கிய முகங்கள்

தன் தெருவின் பெயரைத் தன் வாயாலேயே பதினோரு தடவை வாசித்தாள் அவள். காலை ஆறு மணியிலிருந்து பாலத்தின் மேல் நின்று, ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் போன் மாட்டிய குச்சியுமாக, "தாழ்வான தெருவில இருக்கிறவங்க உடனே மேட்டுக்குப் போயிடுங்க, சர்டிபிகேட், பத்திரம், போட்டோ எல்லாத்தையும் பரண் மேல ஏத்திடுங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போயிருந்தது. தெருக்களின் பட்டியல் அலுவலகத்திலிருந்து போனுக்கு வரும். அதில் ஏழாவதாக, அவள் குடியிருக்கும் மில் பின் தெரு. ஆறாவதை வாசித்தாள், ஏழாவதை வாசித்தாள், எட்டாவதற்குப் போனாள். ஒரு தடவையாவது, அட, இது நம்ம தெருவாச்சே என்று மண்டையில் உறைக்க வேண்டுமே! ம்ஹூம்.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் செய்தி வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டுமே வருகிற வியாதி இது. ஒரு விஷயம் பட்டியலில் ஏறிவிட்டதா, அது செய்தி. செய்தி என்றால் அது யாருக்கோ நடப்பது. கசாப்புக் கடைக்காரருக்கு ரத்தம் கண்ணில் படாத மாதிரி, அவளுக்குத் தன் வீட்டு வாசல் கண்ணில் படவில்லை.

ஊரில் அவளை எல்லோரும் லைவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் இருபத்தைந்து வருஷமாகச் செய்தியாளர். ஒரு காலத்தில் பேனாவும் நோட்டுமாக அலைந்தவள். இப்போது பத்திரிகை காகிதத்தில் வாரத்துக்கு இரண்டு நாள்தான், போனில் நாள் முழுக்க. தீப்பிடித்தாலும் லைவ், மரம் விழுந்தாலும் லைவ். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது.

மூன்றாம் நாள், தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வடிந்த பிறகு வீட்டுக்குப் போனாள். கதவு உப்பிப்போய்த் திறக்க மாட்டேன் என்றது. தோளால் முட்டித் திறந்தாள். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே இருந்த எல்லாமே போச்சு. அரிசி டின், தையல் மிஷின், மகளின் பழைய பாடப் புத்தகங்கள், எதைப் பார்த்தும் அவள் நிற்கவில்லை. நேரே கட்டிலுக்கு அடியில் குனிந்து டிரங்குப் பெட்டியை இழுத்தாள்.

பெட்டிக்குள்ளிருந்து தண்ணீர் சலசலவென்று வெளியே வந்தது. படங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, ஊறிப்போன சோப்புக் கட்டி மாதிரி ஒரே பாளமாக இருந்தன. மேலே இருந்தது கல்யாணப் படம். பதிவு அலுவலகத்து ஜன்னல் விளிம்பில் கேமராவை வைத்து, டைமரைத் தட்டிவிட்டு ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றார் அவர். ஓடிவந்த வேகத்தில் மூச்சு வாங்கச் சிரிப்பார் அந்தப் படத்தில். நகத்தால் மெல்ல உரித்துப் பார்த்தாள். சட்டைப் பொத்தான் வரைக்கும் வந்தது. அதற்கு மேலே, முகம் இருந்த இடம், வழவழவென்று அவள் விரலிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"பாவி, பாவி, பாவி" என்று தன்னைத் தானே வைதுகொண்டு ஈரக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

அவர் போய்ப் பதினேழு வருஷம். அதே பத்திரிகையில் போட்டோகிராபர். நாலு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் ஆளே இல்லை. ஊரையெல்லாம் படம் எடுத்த மனுஷனுக்குச் சொந்தமாக இருந்தது எட்டே எட்டுப் படம்தான். யாராவது கேமராவை அவர் பக்கம் திருப்பினால் போதும், "வேண்டாங்க, லென்ஸ் உடைஞ்சிடும், ஆபீஸ்ல என் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க" என்று கையால் முகத்தை மறைப்பார். இரண்டு வீட்டுக்கும் தெரியாமல் கட்டிக்கொண்ட கல்யாணம் என்பதால் உறவுக்காரர்கள் ஆல்பத்திலும் அவர் கிடையாது. உள்ள எட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். "கொண்டு வாங்கக்கா, பத்து நிமிஷ வேலை" என்று அலுவலகத்தில் கரடியாய்க் கத்தினார்கள். "ஞாயித்துக்கிழமை பெட்டியத் திறந்து எடுத்துட்டு வரேன்" என்று இவளும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின.

வீடு போனது போகட்டும். அவர் முகத்தை இனி எங்கே போய்ப் பார்ப்பது?

அன்றைக்கு அலுவலகத்துக்கு நடந்தபோது, கால் சேற்றில் போனாலும் மனசு என்னவோ இருபத்து மூன்று வருஷத்துக்கு முந்தின வெள்ளத்துக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. என்ன வெள்ளம் அது! இதைவிடப் பெரிசு. ஆனால் சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது, அந்த வெள்ளத்தை நினைத்தால் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும்.

அப்போது தண்ணீர் வடிந்த மறுநாள் ஒரு அம்மாள் பிளாஸ்டிக் பையோடு அலுவலகத்துக்கு வந்தாள். பைக்குள்ளே கூழாகிப்போன ஆல்பம். "எங்க மாமியார் படம் உங்க பேப்பர்ல வந்துச்சுங்க. பஸ் ஸ்டாண்டு திறந்தப்போ முன்வரிசையில நின்னாங்க. வேற படம் எங்ககிட்ட இல்லை. அத ஒண்ணு குடுக்க முடியுமா?" என்றாள். அவள் வீட்டுக்காரர் உடனே எழுந்தார். பழைய நெகட்டிவ் பெட்டிகளை இறக்கி, இரண்டு மணி நேரம் பல்பு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, அந்த மாமியாரைக் கண்டுபிடித்து, பெரிசாக ஒரு படம் போட்டுக் கொடுத்தார். அந்த அம்மாள் ஈரப் படத்தை முந்தானையில் விசிறிக்கொண்டே போனாள்.

அவ்வளவுதான். மறுநாள் பன்னிரண்டு பேர். அதற்கு மறுநாள் தெருவே வந்து நின்றது. உள்ளூர்ப் பத்திரிகை என்றால் சும்மாவா? ஊரில் ஒருத்தர் விடாமல் எப்போதாவது ஒரு தடவை அதில் வந்திருப்பார்கள். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம், ரத்ததான முகாம், வேலைநிறுத்தம், காலிக் குடத்தோடு மறியல், கவிழ்ந்த லாரியைச் சுற்றி வேடிக்கை பார்த்த கூட்டம். வெள்ளம் எல்லா வீட்டு ஆல்பத்தையும் கரைத்துவிட்டுப் போனபோது, ஊரின் முகமெல்லாம் மாடியில் இருந்த அந்த நெகட்டிவ் பெட்டியில்தான் மிச்சம் இருந்தது.

அவர் காம்பவுண்டு சுவர் நீளத்துக்கு நைலான் கயிறு கட்டினார். துணி காயப்போடுகிற கிளிப் வாங்கி வந்தார். ஒன்பது நாள் டார்க்ரூமை விட்டு வெளியே வரவில்லை. அவர் போடப் போட, ஈரப் படங்களை வரிசையாகக் கொடியில் மாட்டினார்கள். ஜனங்கள் நடந்துகொண்டே பார்த்து, தங்கள் ஆளைக் கண்டால் கிளிப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மனுஷர் தன்னுடைய பழைய வேலைநிறுத்தப் படத்தின் முன்னால் கால் மணி நேரம் நின்றார். "எவ்வளவு முடி இருந்திருக்கு பாருங்க" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். அவர் மனைவி, "முடிய விடுங்க, அந்தச் சட்டை நான் தைச்சது" என்றாள்.

இவளுக்கு அப்போது நாலு மாசம். டார்க்ரூம் மருந்து வாசனை மூக்கில் ஏறினாலே குமட்டும். அதனால் வெளியே ஒரு மேஜை போட்டு உட்கார்த்தி வைத்தார் அவர். படம் கிடைக்காதவர்களுக்குச் சீட்டு எழுதுவது இவள் வேலை. யார், எந்த வருஷம், எந்த இடம், பார்த்தால் எப்படி அடையாளம் தெரியும். எழுதின சீட்டைக் காலிக் கிளிப்பில் மாட்டி வைப்பார்கள். யார் கையிலாவது அந்தப் படம் இருந்தால் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தக் கடைசிக் கேள்விதான் எல்லோரையும் மடக்கும். "நல்லா லட்சணமா இருப்பார்" என்பார்கள். இவள் விட மாட்டாள். "லட்சணம்னா எப்படிங்க தேடுறது? மூக்கு எப்படி, நெத்தி எப்படி?" ஒரு தையல்காரர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "மூக்கு மூக்கு மாதிரிதாம்மா இருக்கும், என் தம்பிக்கு" என்றார். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது அவரிடம் இதைச் சொல்லி, இரண்டு பேரும் புரையேறும் வரை சிரித்தார்கள். என்ன திமிர் அந்த வயசுக்கு!

அலுவலகத்தில் ஆசிரியர் காத்துக்கொண்டிருந்தார். அவளைவிடப் பத்து வயசு இளையவர், கெட்டவர் இல்லை. ஆனால் சுவரில் மாட்டிய திரையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் ஏறினால் முகம் மலரும், இறங்கினால் சாப்பாடு இறங்காது. விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

"உங்க வீட்டுல இருந்தே ஒரு லைவ் போடலாமா? அஞ்சு நிமிஷம். மூணு நாளா ஊரையே எச்சரிச்சவங்க வீடே போச்சுன்னா, ஜனங்க மனசு உருகிடும். அந்த டிரங்குப் பெட்டியத் திறக்கிற மாதிரி ஆரம்பிக்கலாம்."

"பெட்டியத் திறந்தாச்சு சார்."

"மறுபடி மூடிட்டு..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு மேஜை மேல் இருந்த எதையாவது எடுத்து வீசியிருப்பாள். வீசாததற்கு ஒரே காரணம், இதே காரியத்தை அவளும் எத்தனையோ பேரிடம் செய்திருக்கிறாள். "இப்ப உங்க மனநிலை எப்படி இருக்கு?" என்று, இடிந்த வீட்டு வாசலில், மூக்குக்கு நேரே மைக்கை நீட்டி. அவர்களும் பாவம், இவள் கேட்டதற்காகவே பதில் சொல்லியிருக்கிறார்கள்.

"நான் பண்ண மாட்டேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடி ஏறினாள்.

மாடியில் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறவர் இருந்தார். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஆனாலும் ஆபீஸ் முழுக்க அவருக்கு அப்டேட் என்றுதான் பேர். எதைக் கேட்டாலும் "அப்டேட் வந்ததும் சொல்றேன்" என்பார், அதனால். இரண்டு வருஷமாக மூலையில் உட்கார்ந்து, அவளுடைய வீட்டுக்காரர் எடுத்த நெகட்டிவ்களையெல்லாம் ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். வேலையில்லாத வேலை என்று அப்போது அவரை எல்லோரும் கிண்டல் செய்தார்கள். ஸ்கேன் முடிந்ததும் கீழ்த்தளத்துக்கு இறக்கிய பெட்டிகளெல்லாம் இந்த வெள்ளத்தில் முழுகின பிறகுதான் அவர் அருமை தெரிந்தது. நேற்றிலிருந்து அந்தப் படங்களையெல்லாம் பத்திரிகைப் பக்கத்தில் போட்டு, உங்கள் வீட்டுப் படம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். பக்கத்துக்குக் கொடி என்று பேர் வைத்திருந்தார். பழைய கதையை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, ஒண்ணும் கவலைப்படாதீங்க. முகத்தத் தேடுற சாப்ட்வேர் இருக்கு. முப்பதாயிரம் படத்துல ஒரு ஓரத்துல நின்னிருந்தாலும் பிடிச்சிடும்" என்றார்.

"நிஜமாவா?"

"நிஜமா. அண்ணனோட ஒரே ஒரு படம் குடுங்க. அத வெச்சு மிச்சத்த அது தேடிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சரி, ஊழியர் பதிவேட்டில் இருக்குமே என்று தேடினார்கள். காகிதக் கோப்பையெல்லாம் எப்போதோ கழித்துக்கட்டிவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருந்தார்கள். அவர் பேர் இருந்தது, சேர்ந்த தேதி இருந்தது, ரத்த வகைகூட இருந்தது. படம் இருக்க வேண்டிய கட்டத்தில், யார் தலையோ, கண் மூக்கு இல்லாத ஒரு சாம்பல் நிறத் தலை.

பிறகு கையாலேயே தேட ஆரம்பித்தார்கள். மத்தியானம் வரைக்கும் இரண்டு பேரும் ஒவ்வொரு படமாகத் தள்ளினார்கள். அவளுக்கு ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. இது பாலம் கட்டினபோது, சாரத்தின் மேல் ஏறி எடுத்தார், கீழே நின்று இவள் திட்டின திட்டு இன்னும் காதில் இருக்கிறது. இது நூலகம் எரிந்தபோது. இது மாவட்ட ஓட்டப்பந்தயம், அந்தப் பெண் ஜெயித்ததும் இவர்தான் முதலில் கைதட்டினார், அதனால் படம் ஆடிப்போச்சு. சாயங்காலத்தில் எடுத்த சில படங்களின் அடியில், தரையில், ஒரு நீள நிழல் விழுந்திருந்தது. முழங்கை இரண்டும் வெளியே துருத்தி, நடுவில் தலை. அவருடைய நிழல். கடைக் கண்ணாடி ஒன்றில் உருவமே தெரிந்தது, ஆனால் முகத்துக்கு நேரே கேமரா.

"எங்கதான் போய் ஒளிஞ்சிருக்கீங்க?" என்று திரையைப் பார்த்தே கேட்டாள். அப்டேட் எழுந்து டீ வாங்கி வருகிறேன் என்று கீழே போய்விட்டார்.

மூன்று மணிக்கு மகள் வந்தாள். வேறு ஊரில் வேலை பார்க்கிறவள். பஸ் ஓடத் தொடங்கியதும் முதல் பஸ்ஸைப் பிடித்து, வீட்டைப் பார்த்துவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு நேரே அலுவலகத்துக்கு வந்திருந்தாள். அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டு, முதல் கேள்வியாக, "அம்மா, பெட்டி?" என்றாள்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஒண்ணுகூடவா?"

"உன் போன்ல ஒண்ணு வெச்சிருந்தியேடி, கல்யாணப் படம்?"

"அது பழைய போன்மா. அது பக்கெட் தண்ணியில விழுந்து போச்சே, உங்ககிட்ட சொன்னேனே." மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "அப்பா முகம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குன்னு நினைச்சிட்டு இருந்தேன்மா. பஸ்ல கண்ண மூடிப் பார்த்தேன். அந்த எட்டு போட்டோதான் வருது. அப்பா வரல. போட்டோவும் போச்சுன்னா, போகப் போக எனக்கு ஒண்ணுமே இல்லாமப் போயிடும்ல?"

ஐந்து வயசில் அப்பாவைத் தொலைத்த பெண். அம்மா எழுந்து போய் அப்டேட்டின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"உங்க கொடியில படம் கிடைக்காதவங்க எழுதுறதுக்கு இடம் இருக்கா?"

"இருக்குக்கா. சீட்டுன்னு ஒரு பட்டன். நாலே கேள்வி."

அதே நாலு கேள்வி. யார் என்பதை எழுதினாள். எந்த வருஷம், எந்த இடம் என்பதற்கு, இந்த ஊர் முழுக்க, ஒன்பது வருஷம் என்று எழுதினாள். நாலாவது கேள்வியில் கை நின்றுவிட்டது. பார்த்தால் எப்படி அடையாளம் தெரியும்? இருபத்தைந்து வருஷமாக எழுதிப் பிழைக்கிறவள். எரிந்த கட்டடத்தை, உடைந்த கரையை, செத்துப்போனவர்களை எல்லாம் நாலு வரியில் எழுதி முடித்தவள். நெற்றி அகலமா? ஆமாம் என்று தோன்றியது, இல்லை என்றும் தோன்றியது. மூக்கு? மூக்கு மூக்கு மாதிரிதான் இருந்தது. அந்தத் தையல்காரரை நினைத்துக்கொண்டாள். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது.

கடைசியில் எழுதினாள்: "உயரம் நடுத்தரம். இடது தோளில் கேமராப் பை, அதனால் அந்தத் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். எப்போதும் சட்டையின் மேல் பொத்தான் போட மறந்துவிடுவார். சிரிக்கும்போது வலது கண் முதலில் மூடும். இவர் எங்கள் வீட்டுக்காரர். வெள்ளத்தில் எங்களிடம் இருந்த படமெல்லாம் போய்விட்டது. இவர் முகம் தெரிகிற படம் யாரிடமாவது இருந்தால் எங்களுக்குக் காட்டுங்கள்."

மகள் பின்னால் நின்று படித்தாள். "வலது கண் முதல்ல மூடுமா? எனக்கும் அப்படித்தாம்மா" என்றாள். அப்டேட் பட்டனைத் தட்டினார்.

ஆசிரியரின் சுவர்த் திரையில் எண் கிடுகிடுவென்று ஏறியது. சாயங்காலத்துக்குள் முந்நூறுக்கு மேல் பதில். மூன்று பேரும் திரை முன்னால் குந்தி ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். எல்லோரும் படம் அனுப்பியிருந்தார்கள். ஆனால் அத்தனையும் அவர் எடுத்த படம்! "அண்ணன் எடுத்த எங்க கடைத் திறப்பு." "சார் எடுத்த என் மகன் பரிசு வாங்கின படம்." கொடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்ச் சட்டம் போட்டு மாட்டிய படங்கள், இந்தத் தடவை பரணில் ஏற்றிக் காப்பாற்றிய படங்கள். ஊரே பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றது. அவரைத்தான் காணோம்.

"இவங்களுக்கெல்லாம் படிக்கத் தெரியாதா? அவர் முகம்னுதானே கேட்டிருக்கேன்" என்று எரிந்து விழுந்தாள்.

"அக்கா, கீழ எழுதியிருக்கிறதப் படிங்க" என்றார் அப்டேட்.

படித்தாள். 'உங்க பின்னாடி ஒரு கழுதை நிக்குது, திரும்பிடாதீங்க என்று சொல்லித்தான் எங்களைச் சிரிக்க வைத்தார்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அடுத்தவர், 'அட, எங்களுக்கும் கழுதைதான்.' அதற்கும் கீழே, 'எங்க பள்ளி ஆண்டு விழாவில் தலைமையாசிரியருக்கே கழுதை சொன்னார், அவர் நிஜமாகவே திரும்பிப் பார்த்தார்.' அறுபது எழுபது பேர், அத்தனை பேருக்கும் அதே கழுதை.

"திருட்டு மனுஷன்! பதிவு அலுவலகத்துல எனக்கும் அதத்தான் சொன்னார். எனக்குன்னு புதுசா யோசிச்சுச் சொன்னார்னு இத்தனை நாள் நினைச்சிட்டு இருக்கேன்" என்று அவள் சொன்னதும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகும், கேட்டது கிடைக்கவில்லை என்ற பாரம் நெஞ்சில் அப்படியேதான் இருந்தது. இருட்டுவதற்குள் இரண்டு பேரும் தெரிந்தவர் வீட்டுக்குப் படுக்கப் போனார்கள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். அலுவலக வாசல்படியில் ஒரு பெரியவர் வந்து நின்றார். கையில் ஒரு பழைய டைரி. கடைத்தெருவில் மாடியில் சலூன் வைத்திருக்கிறவர் என்று அவளுக்கு முகம் தெரியும், பழக்கம் கிடையாது. உள்ளே வாருங்கள் என்றாலும் வரவில்லை.

"நேத்தே பார்த்தேம்மா நீங்க எழுதினத. என் பேத்தி படிச்சுக் காட்டிச்சு. ராத்திரி பூரா யோசனை. உங்க வீட்டுக்காரருக்கு நான் ஒரு வாக்குக் குடுத்திருக்கேன்."

"என்ன வாக்குங்க?"

"நம்ம கடைக்குத்தான் முடி வெட்ட, சவரம் பண்ண வருவார். ஒரு நாள் ரொம்ப அலைச்சல் போல. நுரை தடவி ஒரு பக்கம் மழிச்சு முடிக்கிறதுக்குள்ள நல்லாத் தூங்கிட்டார். மடியில அந்தக் கேமரா. எனக்கு ஒரு குறும்பு. ஊரையெல்லாம் எடுக்கிறியே, உன்னை யாரு எடுக்கிறதுன்னு, மெதுவா எடுத்து, அவர் அமுக்குற மாதிரியே ஒரு அமுக்கு அமுக்கினேன். சத்தத்துல முழிச்சிட்டார். திட்டப் போறாருன்னு பார்த்தா சிரிக்கிறார். அதுக்குள்ள போன். மரக் கடையில தீப்பிடிச்சிருச்சுன்னு. துண்டை வீசிட்டு அப்படியே ஓடிட்டார், பாதி மூஞ்சியோட."

அவளுக்கு அந்த நாள் பளிச்சென்று ஞாபகம் வந்தது. ஒரு கன்னம் வழவழ, ஒரு கன்னம் முள்ளுமுள்ளாக வந்து நின்றார். என்ன கண்றாவி இது என்று கேட்டதற்கு, "இப்ப இதான் ஸ்டைல்" என்றார். ஒழுங்காகச் சவரம் பண்ணிவிட்டு உள்ளே வாருங்கள் என்று வாசலிலேயே நிறுத்தி வைத்தாள்.

"ஒரு வாரம் கழிச்சு அவரே இதக் கழுவிப் பிரிண்ட் போட்டு, நெகட்டிவோட சேர்த்துக் கொண்டு வந்து குடுத்தார்மா. 'நீங்க எடுத்தது, நீங்களே வெச்சுக்கங்க, ஆனா யாருக்கும் காட்டக் கூடாது, மானம் போயிடும்'னு கையில அடிச்சு வாக்கு வாங்கிட்டார். பதினெட்டு வருஷமா யாருக்கும் காட்டல. என் பொண்டாட்டிக்குக்கூடக் காட்டல." பெரியவர் டைரியைத் திறக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார். "இப்பக் காட்டினா அவர் கோவிச்சுக்க மாட்டார்லம்மா?"

"மாட்டார்ங்க" என்றாள்.

பெரியவர் டைரிக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். மகள்தான் முதலில் வாங்கினாள். வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தாள். "அம்மா" என்றாள் மெல்ல, "அப்பா இவ்ளோ சின்னப் பையனா?"

அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் மனசுக்குள் அவர் அவளோடு சேர்ந்தே வயசாகிக்கொண்டு வந்திருந்தார். அவளுக்குக் கண்ணாடி வந்தபோது அவருக்கும் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டிருந்தாள். அவளுக்கு நரைத்தபோது அவருக்கும் காதோரம் நரைத்தது. தனியாக உட்கார்ந்து சண்டை போட்டதெல்லாம் அந்த ஐம்பது வயசு மனிதரோடுதான். இங்கே இருந்தது முப்பத்திரண்டு வயசுப் பிள்ளை. மகளுக்கு அண்ணன் என்றால் யாரும் நம்புவார்கள். கழுத்தில் துண்டு, ஒரு கன்னத்தில் நுரை, சட்டையின் மேல் பொத்தான் திறந்து, வாயைப் பிளந்துகொண்டு, உலகத்தில் ஒரு கவலை இல்லாமல் தூக்கம்.

"ஆமாண்டி" என்றாள். கட்டை விரலால் அந்த நுரையைத் துடைக்கிற மாதிரித் தடவினாள். "என்ன வயசு... தூங்குறான் பாரு."

அதற்கு மேல் முடியாமல் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மகளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.